சீகன்பால்கின் தொடக்கக் கடிதங்கள்: ஒரு மதிப்பீடு

ஜெர்மானிய லுத்தரன் மிஷனரியான பர்த்தலோமேயு சீகன்பால்க் (1682–1719) தரங்கம்பாடியில் இறங்கிய முதல் நாட்களைப் பற்றியும் தமிழ் கற்ற விதத்தைப் பற்றியும் 1706 முதல் 1708 வரை ஐரோப்பாவுக்குப் பல கடிதங்கள் எழுதினார். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளின் நேரடி வாக்குமூலம் என்ற வகையில் இவை முக்கியமானவை. இக்கடிதங்களில் 'மலபாரியர்' என்று வருமிடங்களில் தமிழர் என்றே பொருள் கொள்ள வேண்டும். அக்கால ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றே அழைத்தனர்.

தமிழகத்தில் இக்கடிதங்களை முழுமையாக வாசித்தவர்கள் குறைவு. மேற்கோள் காட்டியவர்கள் அதிகம். வெள்ளைக்காரர் ஒருவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் 'அ', 'ஆ' எழுதினார் என்ற காட்சி மேடைப் பேச்சுகளிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் காட்சி உண்மையானது. ஆனால் அவர் தமிழ் கற்ற கதையின் மையம் அதுவல்ல என்பது கடிதங்களை ஒழுங்காக வாசித்தால் தெரியவரும்.

கரையிறங்கிய நாள்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க்கும் அவருடைய தோழர் ஹைன்ரிஷ் புளூட்சோவும் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, ஜூலை 9, 1706 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்குக்கு அப்போது ஏறத்தாழ 24 வயது. தரங்கம்பாடி 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியருக்குக் கிடைத்த ஊர். ஊரில் டான்ஸ்போர்க் கோட்டையும், ஐரோப்பியருக்கென 1701-ல் கட்டப்பட்ட சீயோன் ஆலயமும் இருந்தன. கோட்டையின் தளபதி ஹாசியஸ் இருவரையும் நெடுநேரம் காக்கவைத்துக் கடிந்து பேசினார். பிறகு அவர்கள் தெருவில் தனித்து விடப்பட்டனர். அன்று மாலை போக இடமின்றி நின்ற இருவரின் நிலையைக் கடிதங்கள் புலம்பலின்றிச் சொல்கின்றன. எழுத்து என்ற அளவில் கடிதங்களின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

ஆனால் இங்கே சொல்லப்படுவது ஒரு தரப்பு மட்டுமே. வணிகக் கம்பெனிக்கு அரசரின் மிஷனரிகள் வேண்டாத விருந்தாளிகள். சுற்றிலும் தஞ்சை மராட்டிய அரசின் நிலம். உள்ளூர் வணிகர்களின் நல்லெண்ணத்தை நம்பியே கம்பெனியின் வியாபாரம் நடந்தது. மதப் பூசல் வந்தால் நஷ்டம் கம்பெனிக்குத்தான். தளபதியின் கடுமைக்கு இது சமாதானம் ஆகாது. காரணம் இதுவாக இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கடிதங்கள் ஆராய்வதில்லை. 1708 நவம்பரில் அதே தளபதி சீகன்பால்கை நான்கு மாதம் சிறையில் வைத்தார் என்பதையும் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

மணல் தந்தது எது?

புளூட்சோ போர்த்துகீசிய மொழியையும் சீகன்பால்க் தமிழையும் பொறுப்பேற்றனர். எழுபது வயதை ஒட்டிய ஒரு வாத்தியார் தம் பள்ளிக்கூடத்தையே மிஷனரிகளின் வீட்டுக்கு மாற்றிக்கொள்ள இசைந்தார். பிள்ளைகள் மணல் பரப்பி விரலால் எழுத்தெழுதி, உரக்கச் சொல்லிப் படித்தனர். சீகன்பால்க்கும் அவர்களோடு அமர்ந்து அவ்வாறே செய்தார்.

எழுத்து விரைவில் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. திண்ணைப் பள்ளி முறையில் ஓசையும் மனனமும் முதலில் வரும், பொருள் பின்னால் வரும். வீட்டிலும் தெருவிலும் நாள் முழுதும் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு அதனால் குறையில்லை, என்றோ ஒரு நாள் மனனம் செய்த வரி தானாகவே விளங்கிவிடும். ஆனால் வேற்றுமொழிக்காரருக்கு அது வெறும் ஓசையாகவே நின்றுவிடும். இதை ஒப்புக்கொண்டு எழுதியிருப்பது சீகன்பால்கின் நேர்மை. மேடைக் கதைகள் மணலோடு நிறுத்திக்கொள்வதால் இந்தத் தோல்வி மறைந்துபோகிறது.

மொழியைத் திறந்து காட்டியவர் அழகப்பன் என்னும் துபாஷி. கடிதங்களில் 'அலெப்பா' என்று வருபவர் இவர்தான். முன்பு டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவருக்குப் போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகள் பழக்கம். மிஷனரிகள் இவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டனர். எட்டே மாதத்தில் சீகன்பால்க் தமிழ் பேசினார் என்று வியப்பவர்கள், பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் பொருள் சொன்ன இந்த மனிதரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிஷனரிகளோடு பழகியவர்களுக்கு ஊரில் நிம்மதி இருக்கவில்லை. அழகப்பன் பின்னாளில் தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது. முதிய வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார் 1709-ல் ஞானஸ்நானம் பெற்றபோது குடும்பத்திலும் ஊரிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. புதிய ஊரில் ஒரு மிஷனரி கால் ஊன்றியதற்கான விலையில் ஒரு பங்கை இவர்களும் கொடுத்திருக்கிறார்கள். மேடைக் கதையில் அந்த முதிய வாத்தியாருக்குப் பெரும்பாலும் பெயர்கூட இருப்பதில்லை.

யாருக்காக எழுதப்பட்டவை

கடிதங்களின் குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் அவற்றின் வாசகர்களே. இவை ஹாலே நகரின் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே முதலிய ஆதரவாளர்களுக்காகவும், அச்சேறியபின் நன்கொடை தரக்கூடிய பக்தர்களுக்காகவும் எழுதப்பட்டவை. 1709-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஜான் வெஸ்லியின் தாயார் சுசன்னா இந்த டேனிஷ் மிஷனரிகளின் வரலாற்றை வாசித்து மனம் நெகிழ்ந்தார். அப்படிப்பட்ட வாசகருக்கு வெற்றிச் செய்தி தேவைப்பட்டது. மே 12, 1707 அன்று நடந்த முதல் ஞானஸ்நானம் அவ்வகைச் செய்திதான். ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். அவர்களுக்கு மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி கடிதத்தில் எழவே இல்லை.

சுவடி சேகரிப்பிலும் இதே பார்வை தெரிகிறது. ஆட்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து மலிவாகச் சுவடிகள் வாங்கியதை அவர் ஒரு சாமர்த்தியமாகவே குறிப்பிடுகிறார். அவ்வாறு திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகளைப் பற்றி 1708-ல் அவர் தயாரித்த பட்டியல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. விற்ற வீடுகளின் நிலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மாறிய பார்வை

ஆகஸ்ட் 1708-ல் எழுதிய கடிதத்தில் அவருடைய நாளின் கால அட்டவணை உள்ளது. காலையில் சொற்களைத் திருப்பிப் பார்த்தல், பிறகு நண்பகல் வரை ஒரு முதிய புலவரை உடன் வைத்துக்கொண்டு வாசித்தல், மாலையில் மீண்டும் வாசிப்பு, இரவில் கண்ணுக்கு ஓய்வு தந்து பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டல். சில நூல்களை நூறு முறைக்கு மேல் வாசித்ததாகச் சொல்கிறார். மணலில் விரல் வைத்த காட்சியைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது இந்த அட்டவணைதான்.

அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். தமிழர் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர்கள் என்ற ஐரோப்பிய எண்ணத்தோடுதான் தாமும் வந்ததாகவும், அவர்களுடைய நூல்களை வாசித்தபின் அந்த எண்ணம் மாறியதாகவும் அதன் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். அவர்களை மதம் மாற்ற வேண்டும் என்ற நோக்கம் மட்டும் மாறவே இல்லை. இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோர் பாதி சீகன்பால்கையே காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. 1713-ல் அவர் எழுதி அனுப்பிய தென்னிந்தியக் கடவுளர் பற்றிய நூல் ஹாலேயில் முடங்கிக் கிடந்து, 1867-ல்தான் சென்னையில் அச்சானது.

கடிதங்களைப் புதிதாக வாசிப்பவர்கள் 1706-ஆம் ஆண்டுக் கடிதங்களோடு நிறுத்தாமல் 1708-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் நீதி வெண்பா மொழிபெயர்ப்பின் முன்னுரையையும் சேர்த்து வாசிப்பது நல்லது. அழகப்பன் பெயர் வரும் இடங்களில் சற்று மெதுவாகப் படிக்கவும்.