தாளம் தப்பிய ஐவர்

ராபர்ட் பால்மரின் ‘அடிக்டட் டு லவ்’ வீடியோவை ஒருமுறையாவது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு ஓடும்போது காது முந்திக்கொள்கிறது. டிரம்ஸ் அடியும் கிட்டாரின் உறுமலும் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. சத்தம் அடங்கிய பிறகுதான் கண் விழித்துக்கொள்கிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் ஐந்து பெண்களும் ஆளுக்கொரு தாளத்தில் அசைகிறார்கள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. ஒருவர் சாயும்போது அடுத்தவர் நிமிர்கிறார். இன்னொருவர் அரை அடி பிந்திவிட்டு, அதைப் பற்றிய கவலையே இல்லாமல் தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ முறை பார்த்த வீடியோ. அந்த ஐவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

1986-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல் அது. வீடியோவை இயக்கியவர் டெரன்ஸ் டோனவன். லண்டன்காரர். அறுபதுகளில் டேவிட் பெய்லி, பிரையன் டஃபி ஆகியோரோடு சேர்ந்து பிரிட்டனின் ஃபேஷன் புகைப்படக் கலையை வேறு திசைக்குத் திருப்பியவர். அவர் புகைப்படக்காரர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த ஃப்ரேம் உடனே பிடிபடும். கதை கிடையாது, இடம் மாறுவது கிடையாது. அந்தி வானம் போல் தீட்டிய ஒரு திரை. அதன் முன்னால், நடுவில், மைக்கைப் பிடித்தபடி பால்மர். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. பின்னால் கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார். ஒரு ஸ்டில் படத்துக்குக் கொஞ்சம் அசைய அனுமதி கொடுத்தது போலத்தான் முழு வீடியோவும் இருக்கிறது.

பெண்களை அலங்கரித்த விதத்தை நிதானமாகப் பாருங்கள். தலைமுடியை மண்டையோடு ஒட்ட வாரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முகம் வெளிறிய வெள்ளை. கண்ணைச் சுற்றி அடர்ந்த கருமை. உதட்டில் பளிச்சென்ற சிவப்பு. உடலைப் பிடித்த குட்டைக் கறுப்பு உடை. மேக்கப்பும் வெளிச்சமும் சேர்ந்து முகத்தின் மேடுபள்ளங்களைத் துடைத்து எடுத்துவிடுகின்றன. கண்ணும் உதடும் மட்டும் மிஞ்சுகின்றன. எண்பதுகளில் அமெரிக்காவில் பேட்ரிக் நேகல் என்ற ஓவியர் வரைந்த பெண்கள் இப்படித்தான் இருப்பார்கள். காகித வெள்ளைத் தோல், கன்னங்கரிய முடி, நான்கைந்து கோடுகளில் முடிந்துவிடும் முகம். டுரான் டுரான் குழுவின் ‘ரியோ’ ஆல்பத்தின் அட்டையில் சிரிப்பது அவர் வரைந்த பெண்தான். ஓவியத்தில் இது சிக்கனம். உயிருள்ள ஒருவரின் முகத்தில் அதையே செய்யும்போது, அந்த முகம் யாருடையது என்று சொல்லும் அடையாளங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளைப் போல நிற்க வேண்டும், நடிக்க வேண்டும் என்பதுதான் தங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது என்று அவர்களில் ஒருவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். விரல் வைக்கும் முறையைச் சொல்லித்தர ஓர் இசைக்கலைஞரை அழைத்து வந்தார்களாம். ஒரு மணி நேரத்தில் அவர் முயற்சியைக் கைவிட்டுப் போய்விட்டாராம். நம் வீட்டுக் கொலுவில் கச்சேரி செட் வைப்போம் அல்லவா? மிருதங்கக்காரர் பொம்மையின் கை மிருதங்கத்தின் மேல் இருக்கும், ஆனால் அடிக்காது. அதே ஏற்பாடுதான் இங்கும். கையில் கருவி இருக்கிறது, இசை வேறெங்கிருந்தோ வருகிறது.

குரலைப் பொறுத்தவரை இன்னொரு செய்தி இருக்கிறது. எனக்கு அது ஆறவே இல்லை. இந்தப் பாடலை முதலில் பால்மர் பாடியது சாகா கானோடு சேர்ந்து. அமெரிக்க சோல் இசையின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று அவருடையது. வெளியிடும்போது அந்தக் குரல் நீக்கப்பட்டது. பாடலின் குரல் அமைப்புக்கான பெயர் மட்டும் ஆல்பத்தில் அவருக்கு மிஞ்சியது. ஒப்பந்தச் சிக்கல்களில் இப்படி நடப்பது இசைத் தொழிலில் புதிதல்ல, அதற்கும் வீடியோவுக்கும் நேரடித் தொடர்பும் கிடையாது. ஆனாலும் ஒலித்தடத்தில் ஒரு பெண்ணின் குரல் இருந்த இடம் காலியாகி, திரையில் வாய் திறக்காத ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள் என்பது தெரிந்த பிறகு, அந்தச் சிவப்பு உதடுகளின் மௌனத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இந்த வீடியோவில் நான் மிகவும் ரசிக்கும் நுட்பம் அசையாமை. பால்மரும் அதிகம் அசைவதில்லை. மேடையில் குதிப்பதில்லை, தரையில் விழுந்து புரள்வதில்லை. தோளில் ஒரு சின்ன வெட்டு, கையில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். அவருடைய அசையாமை கம்பீரமாகத் தெரிகிறது. இவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள் என்று நினைக்க வைக்கிறது. இரண்டடி பின்னால் அதே அசையாமை பெண்களிடமும் இருக்கிறது. அங்கே அது பொருளின் அசையாமை. எடுத்து வைத்த இடத்தில் இருக்கும் என்று சொல்கிறது. ஒரே ஃப்ரேம், ஒரே வெளிச்சம், ஏறக்குறைய ஒரே உடல்மொழி. முன்னால் நிற்பவர் பாடுகிறார், பின்னால் நிற்பவர்கள் பாடவில்லை. இந்த ஒரு வித்தியாசமே அசையாமையின் அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. சினிமாவில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் ஓதப்படுகிறது. அந்தக் கட்டுரையில் பக்கக்கணக்கில் விரியும் வாதத்தின் ஒரு பகுதி இங்கே நான்கு நிமிடங்களில் கண்முன் நிற்கிறது.

ஆனால் டோனவனின் திட்டத்துக்குள் அடங்காத ஒன்றும் இந்த வீடியோவில் இருக்கிறது. முதலில் சொன்ன அந்தத் தாளம். பொம்மை தாளம் தப்பாது, தாளம் போடவே போடாது. மனிதர்தான் தப்புவார். அந்த ஐவரும் தங்களுக்குக் கேட்டபடி, தங்களுக்குப் பழக்கமான இடுப்பு அசைவில், தங்கள் ஹை ஹீல்ஸ் தாங்கியவரை ஆடியிருக்கிறார்கள். ஒருமுறை பேஸ் கிட்டார் வைத்திருந்தவர் ஹீல்ஸ் தடுமாறி, கிட்டார் பால்மரின் தலையில் இடிக்க, அவர் முகம் போய் மைக்கில் மோதியதாம். இதை அந்தப் பெண்ணே நினைவுகூர்ந்திருக்கிறார். முகத்தையும் முடியையும் உடையையும் ஒன்றாக்க முடிந்தது. உடம்புக்குள் ஓடும் லயத்தை ஒன்றாக்க முடியவில்லை. இந்த வீடியோவில் எதில் உயிர் இருக்கிறது என்று கேட்டால், பால்மரின் பாவனையைவிட இந்தப் பிசகைத்தான் நான் காட்டுவேன்.

அதன் பிறகு இந்தப் படம் பாப் உலகின் பொதுச் சொத்தாகிவிட்டது. பால்மரும் டோனவனும் 1988-இல் ‘சிம்ப்ளி இர்ரெசிஸ்டிபிள்’ வீடியோவில் இதையே இன்னும் பெரிய கூட்டத்தோடு செய்தார்கள். கூட்டம் கூடிய அளவுக்கு நயம் கூடவில்லை. பாலா அப்துலின் ‘ஃபாரெவர் யுவர் கேர்ள்’ வீடியோவில் டேவிட் ஃபின்ச்சர் சின்னக் குழந்தைகளுக்கு இந்த வேஷத்தைப் போட்டுவிட்டார். அதை வேடிக்கையாக எடுத்திருந்தார். எனக்கு அது உறுத்துகிறது, கடந்து போகிறேன்.

கடந்து போக முடியாதது 1999-இல் வந்தது. ஷனாயா ட்வைனின் ‘மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!’ தலைப்பிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. ‘மேன்’ என்பது அங்கே ஆணை அழைப்பது அல்ல, வியப்புச் சொல். நம் ஊரில் பெண்களும்கூட ‘அடேயப்பா’ என்கிறார்களே, அப்படி. அடேயையும் அப்பாவையும் கூப்பிட்டுவிட்டுத்தான் நாமும் வியக்கிறோம். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு விடுதியில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், பெண் வேடமிட்டு ஆடும் ஆண் கலைஞர்களைப் பார்த்ததுதான் பாடலுக்குப் பொறி என்று ட்வைன் சொல்லியிருக்கிறார். பெண்மை என்பதே எடுத்து உடுத்திக்கொள்ளும் ஒன்று என்ற எண்ணம் அங்கிருந்துதான் பாட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

வீடியோவை இயக்கியவர் பால் பாய்ட். டோனவனின் ஃப்ரேமை அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டார். நடுவில் மைக்கோடு ஒரு பெண். பின்னால் டிரம்ஸ், கீபோர்டு, கிட்டார்களோடு ஆண்கள். இறுக்கமான கறுப்பு உடை, உணர்ச்சியற்ற முகம், அதே பக்கவாட்டு அசைவு. ஐந்து பெண்கள் அப்படி நின்றபோது அதைக் கவர்ச்சி என்றோம். ஆண்கள் அப்படி நின்றதும் சிரிப்பு வருகிறது. ஃப்ரேம் ஒன்றுதான், சிரிப்பு மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்திருக்கிறது. இந்த வீடியோவின் பெருமை அந்தச் சிரிப்பில் இருக்கிறது. முதல் வீடியோ எவ்வளவு விசித்திரமானது என்று எந்தக் கட்டுரையும் இத்தனை வேகமாக நமக்குக் காட்டியதில்லை.

இதை வெறும் கண்ணாடிப் பிம்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. ட்வைனின் உடைகளை வடிவமைத்தவர் மார்க் பவுவர். முதலில் வரும்போது ட்வைனின் தலையில் டாப் ஹேட், முகத்தின் மேல் மெல்லிய வலை, வெள்ளைச் சட்டை, கையுறை. தொப்பி ஆண்களுடையது, வலை பெண்களுடையது, இரண்டும் ஒரே தலையில். 1930-இல் ‘மொராக்கோ’ படத்தில் டாப் ஹேட்டும் கோட்டுமாக வந்து நின்ற மார்லீன் டீட்ரிக்கின் சாயல் எனக்கு இதில் தெரிகிறது. பாடல் நகர நகர ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். வேறு யாரும் கழற்றவில்லை, அவர் கைதான் கழற்றுகிறது. கேமரா எதையும் திருடிப் பார்க்கவில்லை, அவர் காட்டும்போது பார்க்கிறது. பார்வையும் நேரே லென்ஸுக்குள் வருகிறது. பின்னால் நிற்பவர்கள் வெறித்துக்கொண்டிருக்க, தாளம் முழுவதும் அவர் உடம்பில் இருக்கிறது.

கடைசியில் எங்கே வந்து நிற்கிறார் என்று பாருங்கள். கறுப்புக் கார்செட், குட்டைப் பாவாடை. பால்மருக்குப் பின்னால் நின்ற பெண்கள் எந்த உடையில் தொடங்கினார்களோ, ஏறக்குறைய அதே உடையில் இவர் முடிக்கிறார். நடு இடத்தைப் பிடித்துவிட்டார், குரலைப் பிடித்துவிட்டார், கேமராவைத் தன் சொல்லுக்கு ஆட வைத்துவிட்டார். அப்படியும் உடையைக் களைய வேண்டியிருந்தது. பால்மருக்கு டை முடிச்சைத் தளர்த்தும் அவசியம்கூட வரவில்லை.

இதை ட்வைன் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் மகிழ்ச்சியாகச் செய்கிறார், அந்த மகிழ்ச்சி பொய் இல்லை. அடிமுதல் முடிவரை அந்த உடம்பில் இருப்பது விளையாட்டு. ஆனால் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி நிறுத்தினால் சமன்பாடு தானாக நேராகிவிடும் என்று நம்புகிறவர்கள், இந்த இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்து வைத்து அந்த டை முடிச்சையும் இந்தக் கார்செட்டையும் பார்க்க வேண்டும். நாற்காலியில் ஆள் மாறினாலும், பார்ப்பதற்கென்றே போட்ட விளக்கு பெண் மேல்தான் விழுகிறது. அந்த விளக்கின் கீழ் எப்படி நிற்பது என்பதை ட்வைன் தானே தீர்மானித்தார் என்பதுதான் அவருடைய வெற்றி. என் கணக்கில் அது பெரிய வெற்றிதான்.

திரும்பவும் 1986-க்குப் போய், சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொருமுறை பார்த்தேன். இந்த முறை பால்மரைக் கையால் மறைத்துக்கொண்டு, ஐவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து முடிவுவரை கண்ணால் பின்தொடர்ந்தேன். பிறகு அடுத்தவரை. மூன்றாம் முறைக்குள் அவர்கள் தனித்தனி ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள், ஐந்து முறை போட்டுப் பார்த்தாலும் அரை மணி நேரம்கூட ஆகாது. பின்தொடரும்போது கூப்பிடுவதற்குப் பெயர்களும் இருக்கின்றன: கீபோர்டில் ஜூலி பாங்கர்ஸ்ட், கிட்டார்களில் பேட்டி கெல்லியும் ஜூலியா போலினோவும், பேஸ் கிட்டாரில் மாக் கில்கிறிஸ்ட், டிரம்ஸில் கேத்தி டேவிஸ்.