இருமைக்கு வெளியே நிற்பவன்: லத்தீனோ விமரிசனமும் அம்பத்தூரின் வடபுலத் தொழிலாளியும்

டெரிக் பெல் முதலான அமெரிக்கச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளில் முளைத்து, 1989இல் விஸ்கான்சினில் நடந்த பயிலரங்கின்போது தனக்கெனப் பெயர் பெற்றது 'விமரிசன இனக் கோட்பாடு'. இனவாதம் தனிமனிதரின் தீய எண்ணம் மட்டுமன்று, நடுநிலை போல் தோன்றும் சட்டமும் நிறுவனங்களும் அதை உற்பத்தி செய்கின்றன என்பதே அதன் மையக் கருத்து. ஆயினும் அதன் உள்ளிருந்தே லத்தீனோ அறிஞர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்பினர். கறுப்பு × வெள்ளை என்னும் இருமைக்குள் அமெரிக்க இனவாதம் முழுவதும் அடங்காது என ஹுவான் பெரியா 1997இல் வாதிட்டார். மொழியும் பேச்சின் சாயலும் குடியேறியவர் என்ற அடையாளமும்கூட நிறத்தைப் போலவே ஒடுக்குமுறைக்குக் காரணமாகின்றன என்பது இவ்வறிஞர்களின் வாதம். திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் (30:22) மொழிகளின் வேறுபாட்டையும் நிறங்களின் வேறுபாட்டையும் ஒருங்கே இறைச்சான்றாகச் சுட்டுவதை அறிந்த வாசகருக்கு இந்த இணைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இந்த ஆட்சேபத்தின் கூர்மையை 1954ஆம் ஆண்டின் ஹெர்னாண்டஸ் வழக்கு காட்டுகிறது. டெக்சாஸின் ஜாக்சன் கவுண்டியில் 25 ஆண்டுகளாக மெக்சிக வழியினர் ஒருவர்கூட ஜூரியில் அமர்த்தப்படவில்லை. மாநில அரசோ, சட்டப்படி மெக்சிகர் வெள்ளையரே. ஜூரியிலும் வெள்ளையரே உள்ளனர். எனவே பாகுபாடு இல்லை என வாதிட்டது. அதே நீதிமன்ற வளாகத்தில் கறுப்பருக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையின் பலகையில் ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது! உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. ஆதிக்கத் தரப்பில் ஒருவனை ஏட்டளவில் சேர்த்துவிட்டு அவன் காயத்தை மறுக்கும் தந்திரம் அங்கே அம்பலமாயிற்று.

தமிழகத்தின் சமூகநீதிச் சொல்லாடலும் இருமைகளின் மீது எழுந்ததே. அவற்றுள் ஒன்று இந்தி × தமிழ். 1937இலும் 1965இலும் நிகழ்ந்த போராட்டங்கள் அதன் வரலாற்று நியாயத்துக்குச் சான்று. நடுவணரசின் மொழித் திணிப்பு இன்றும் கற்பனையன்று. வினா வேறு: அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறையில் உழைக்கும் பீகாரியும் ஒடியரும் இந்த இருமையில் எந்தப் பக்கம்?

ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இந்தி பேசும் ஓர் அதிகாரியும், சில கிலோமீட்டர் தொலைவில் ஒப்பந்தக்காரரின் கீழ் உழைக்கும் கூலியும் நம் பேச்சில் ஒரே 'வடக்கன்' ஆகிவிடுகின்றனர். இக்கூலிகளில் பலரின் தாய்மொழி இந்தியே அன்று. போஜ்புரி, மைதிலி, ஒடியா, வங்காளம், சந்தாலி எனப் பல. மைதிலி 2003இல்தான் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. போஜ்புரிக்கு அவ்விடம் இன்னும் இல்லை. இந்தியால் விழுங்கப்பட்ட மொழியினரையே நாம் இந்தி ஆதிக்கத்தின் முகமாகக் காண்கிறோம். டெக்சாஸ் அரசு மெக்சிகரை வெள்ளையராக்கிய அதே தர்க்கம் இது.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகநபர் ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டபின், வடமாநிலத்தவர் என்ற அடையாளமே சந்தேகத்துக்குரியதாயிற்று. 2014 ஜூனில் பூந்தமல்லிச் சாலையை ஒட்டிய மவுலிவாக்கத்தில் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 2023இல் பீகார் தொழிலாளர் தமிழகத்தில் கொல்லப்படுவதாகப் பரவிய காணொளிகள் பொய்யென அரசு உரியவாறு நிறுவியது. ஆனால் வதந்தி பொய்த்ததோடு ஏளனமும் இல்லையென நாம் தீர்ப்பெழுதிவிட்டோம். 'வடக்கன்' எனப் பெயரிடப்பட்ட பாஸ்கர் சக்தியின் திரைப்படம் தணிக்கையால் 'ரயில்' எனப் பெயர் மாறி 2024இல் வெளிவந்தது. திரையில் நீங்கிய சொல் தெருவில் நீங்கவில்லை.

ஒவ்வொரு குழுவின் காயத்தையும் தனித்தனியே எண்ணத் தொடங்கினால் ஒடுக்குமுறையின் அடித்தளம் மறைந்துவிடாதா என்ற எதிர்வாதம் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் லத்தீனோ விமரிசனம் கறுப்பரின் துயரை மறுத்து எழுந்ததன்று; இருமையை அகற்றாமல், அது காணத் தவறியதைக் காணச் சொல்கிறது. அவ்வாறே இந்தித் திணிப்பை எதிர்ப்பதும் அம்பத்தூர்க் கூலியின் மாண்பைக் காப்பதும் முரணானவை அல்ல.

அரசியலமைப்பின் 15(1)ஆம் பிரிவு பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாதவற்றில் பிறப்பிடத்தைச் சேர்த்திருக்கிறது, மொழியைச் சேர்க்கவில்லை. சட்டம் விட்ட அவ்விடைவெளியைச் சமூகத்தின் மனச்சான்றே நிரப்ப வேண்டும். 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றி, பிழைக்கச் சென்ற தமிழரை 'மதராஸி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து விரட்ட முனைந்ததை நாம் மறக்கவில்லை. அச்சொல் நமக்கு இழைத்தது அநீதியெனில், 'வடக்கன்' என்னும் சொல்லுக்கு மட்டும் வேறு நீதி இருக்க முடியாது.