இரத்தமா, கூலியா?

ஒரு தொழிலாளி மேலதிகாரியை அடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், அவன் எத்தகையவன் என்று விசாரிக்கின்றோம். அவன் வேலைசெய்த இடம் எத்தகையது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. எமில் ஸோலாவின் 'ஜெர்மினல்' (1885) இவ்விரு வினாக்களையும் எழுப்பும் நாவல். முதல் வினாவுக்கு ஸோலா தமது கொள்கையைக் கொண்டு விடையளிக்கின்றார். இரண்டாவதற்கு, தாம் நேரிற் கண்டதைக் கொண்டு விடையளிக்கின்றார். இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று இசையவில்லை.

கதாநாயகன் எத்தியேன், லீல் நகர் ரயில்வே தொழிற்சாலையிற் குடிவெறியில் மேலதிகாரியை அறைந்து வேலையிழந்தவன். பிழைப்புத் தேடி வட பிரான்சின் சுரங்கப் பகுதிக்கு வருகின்றான். குடியால் அழிந்த குடும்பத்தின் பிள்ளையாதலால், கொலைவெறி அவனது இரத்தத்திலேயே ஊறியுள்ளது என்பது ஸோலாவின் இயற்பண்புவாதக் கொள்கை. வெள்ளம் புகுந்த சுரங்கத்துள் அடைபட்டு, அவன் தன் பகைவன் ஷவாலைக் கொல்லும்போதும் பரம்பரை நஞ்சே காரணமாகக் கூறப்படுகின்றது. ஆயினும் அவ்வேளை அவன் குடித்திருக்கவில்லை, பசியே அவனை மயக்கியிருந்தது என்பதையும் ஆசிரியரே ஒப்புக்கொள்கின்றார்.

1884இல் ஆன்சன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது ஸோலா அங்கு நேரிற் சென்றார். அவர் அங்கு கண்டவை நாவலில் வேறொரு காரணத்தைக் கூறுகின்றன. வெட்டிய நிலக்கரிக்கு, வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றே கூலி. சுரங்கக் கூரைக்கு மரமுட்டுக் கொடுக்கும் நேரத்துக்குக் கூலியில்லை. ஆகவே தொழிலாளர் முட்டுக் கொடுப்பதிற் கவனங் குறைகின்றனர். கம்பெனி அபராதம் விதிக்கின்றது. பின்னர் முட்டுக்குத் தனிக்கூலி தருவதாகக் கூறி, வண்டிக்கு 50 சென்டிமாக இருந்த கூலியை 40 ஆக்குகின்றது. கூரை இடிந்து ஒருவன் மடிகின்றான். ஒரு சிறுவனின் கால்கள் முறிகின்றன. வேலைநிறுத்தமும் பட்டினியும் தொடர்கின்றன. ஈற்றிற் படையினர் சுட்டதில், நிதானத்துக்குப் பேர்பெற்ற மாயே உயிரிழக்கின்றான். இவனது சாவுக்கு எந்தப் பரம்பரையைக் காரணங் காட்டுவது?

காரணம் காண்பது குற்றத்தை மன்னிப்பதாகாது. வன்முறை உரிய இலக்கை அறிந்து பாய்வதில்லை என்பதையும் ஸோலா மறைக்கவில்லை. சுரங்கத்துட் கால் முறிந்த அதே சிறுவன் கொல்வது, தன்னைப் போன்றே ஏழையான ஓர் இளஞ் சிப்பாயை. பங்கு இலாபத்தில் வாழ்பவர்களின் மகளைச் சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்த கிழவன் நெரித்துக் கொல்கின்றான். அவள் அந்த வீட்டுக்கு உதவிப்பொருள் கொண்டுவந்தவள். கம்பெனியின் கணக்கை வகுத்தவர்களோ தூரத்திற் பத்திரமாயிருக்கின்றனர்.

பரம்பரை நஞ்சு என்ற விளக்கத்தை இன்று எவரும் அப்படியே கூறுவதில்லை. 'குணக்கோளாறு', 'கோபக்காரன்' என்ற சொற்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தொழிலிடத்து வன்முறையும் தொல்லையும் பற்றிச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்க உடன்படிக்கை, அவற்றைத் தொழிற் பாதுகாப்பு ஏற்பாட்டிலேயே கவனிக்கவேண்டிய ஆபத்துகளாகக் கொள்கின்றது. தனிமனிதனின் குணத்தோடு விசாரணை முடிந்துவிடலாகாது என்பதே இதன் பொருள்.

1902இல் ஸோலாவின் சவ ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் 'ஜெர்மினல்! ஜெர்மினல்!' என்று முழங்கிச் சென்றனர். இரத்தத்தைப் பற்றிய அவரது கொள்கைக்காக அவர்கள் முழங்கவில்லை. தங்கள் கூலிக் கணக்கை ஒருவர் பிழையின்றி எழுதிவைத்தார் என்பதற்காகவே முழங்கினர். இந்நாவலை மாணவர்க்கு அறிமுகஞ் செய்யும் ஆசிரியர்கள், எத்தியேனின் குலத்தை விட்டு அந்தப் பத்து சென்டிமிலிருந்து தொடங்குவார்களாக.