பழைய மெட்டும் புதிய தாளமும்

இரவல் வாங்குவது தமிழ்க் கவிதைக்கு இழுக்கன்று. வாங்கிய இடத்தை மறைப்பதே இழுக்கு. காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தை ஏற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாடினார். பாடிய நூலுக்குத் ‘திருப்புகழ்’ என்றே பெயரும் சூட்டினார். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை நூலின் பெயரே அறிவித்துவிட்டது. நம் முன்னோர் அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களிலும் பாடலின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்ற குறிப்பைக் காணலாம். அந்த ஒரு வரியே நன்றி. அதுவே சான்றும் ஆகும்.

இம்மரபில் வந்த நாம், பழைய பாடலைப் புதிய தாளத்தில் வார்க்கும் ‘ரீமிக்ஸ்’ முறையைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. நம்மிடம் உள்ள அளவுகோலால் அளந்து பார்த்தால் போதும்.

அளந்து பார்க்கத் தக்க ஒன்று, மலேசியத் தமிழ் இளைஞர் குழுவான ‘யோகி பி அண்டு நட்சத்ரா’ 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் அதில் தமிழை ராப் நடையில் பேச வைத்தனர். தொகுப்பு முழுவதும் மறுவார்ப்பு அன்று. ஆயினும் தமிழகத்தில் அதற்குப் பெயர் தேடித் தந்தது ‘மடை திறந்து’ என்ற மறுவார்ப்பே.

மூலப்பாடல் 1980-இல் வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்திற்கு உரியது. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது. வாய்ப்புக்கு ஏங்கும் ஓர் இளம் இசைக் கலைஞனின் கனவு அது. மறுவார்ப்பில் அக்கனவு, கடல் கடந்த மண்ணில் பிறந்த தமிழ் இளைஞனின் அறைகூவலாக மாறுகிறது. ஏங்கிய குரலுக்கு எழுந்து நின்ற குரல் விடை கூறுகிறது. மறுவார்ப்பின் நியாயம் இதுதான்: பழைய பாடலோடு புதியது உரையாட வேண்டும். முரசொலியை மட்டும் கூட்டி விற்பது உரையாடல் ஆகாது.

குறையும் உண்டு. தற்புகழ்ச்சி மிகுகிறது, ஆங்கிலம் அளவுக்கு மேல் கலக்கிறது, வேகத்தில் சொல் தேய்கிறது. காசிம் புலவரின் சந்தமும் விரைந்தோடுவதே. ஆனால் அங்கே ஒவ்வொரு சொல்லும் காதில் நின்று, பொருள் தந்த பின்னரே நகர்கிறது. புதிய பாவலர் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இது.

பிறர் இசையை எடுத்தாள்வதில் உரிமை தெளிவாக இல்லாததன் விளைவை அமெரிக்காவில் காணலாம். ‘டி லா சோல்’ குழு 1989-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு, பிறர் இசைத்துணுக்குகளால் இழைக்கப்பட்டது. அவற்றின் உரிமைச் சிக்கலால் அது 2023 மார்ச் வரை இணைய இசைத் தளங்களில் ஏற இயலவில்லை. நம் நாட்டிலும் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பிறர் பாடலை மறுபதிவு செய்வோர் ஐந்தாண்டு கழிந்த பின்னரே செய்ய வேண்டும், உரிமைத் தொகை செலுத்த வேண்டும், மறுபதிவு என்பதை உறையிலேயே குறிக்க வேண்டும் என்கிறது. ‘இன்ன மெட்டு’ என்ற பழைய வரியைத்தான் சட்டமும் கேட்கிறது!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. லெப்பைக்குடிகாட்டிலும் வ. களத்தூரிலும் கடல் கடந்து உழைத்த உறவினர் இல்லாத குடும்பங்கள் குறைவு. அயல்மண்ணில் தமிழை விடாத இளைஞனின் பெருமிதம் அவ்வீடுகளுக்குப் புரியும். அதே வீடுகளின் திருமணப் பந்தலில் நாகூர் ஹனீபாவின் (1925–2015) குரல் ஒலித்து வந்திருக்கிறது. நாளை அக்குரலுக்கு அடியிலும் எவரேனும் புதிய தாளம் வைக்கலாம். வைக்கட்டும். ஆனால் பாட்டை எழுதிய புலவரின் பெயரும் இசையமைத்தவரின் பெயரும் அதனுடன் வர வேண்டும். பாடகரை நினைவில் வைத்திருக்கும் நாமே, பாட்டெழுதியவரை எத்தனை முறை மறந்திருக்கிறோம்!

ஆகவே, பிள்ளைகள் புதிய பாடலைக் கேட்கும்போது அதட்ட வேண்டாம்; “இதன் மூலம் எது? எழுதியவர் யார்?” என்று கேளுங்கள். விடை தெரிந்து கேட்கும் செவியே இசைக்கு உரிய செவி.