சிக்னல்காரன் கண்ட பேய்

சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'சிக்னல்காரன்' 1866ஆம் ஆண்டு வெளியான சிறுகதை. நம்மிற் பெரும்பாலோர் அதனைப் பேய்க்கதையென்றே வாசித்திருக்கின்றோம். அவ்வாசிப்பு கதையின் பாதியைப் புதைத்துவிடுகின்றது என்பது நமது கருத்து.

ஆழ்ந்த பள்ளமொன்றில், சுரங்கப்பாதை வாயிலருகே, இரவெல்லாம் தனித்திருக்கின்றான் ஒரு தொழிலாளி. தோன்றி மறையும் உருவம் ஏதோ விபத்தை முன்னறிவிக்கின்றது. தந்தியில் 'அபாயம்' என அறிவித்தாலோ மேலிடம் காரணங் கேட்கும், சொல்வதற்கு அவனிடம் ஒன்றுமில்லை, வேலை போய்விடும். எச்சரிக்கை தெரிந்தும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் தனக்கில்லையே என்ற வேதனைதான் அவனைக் கொல்லாமற் கொல்கின்றது. கதை கூறும் கனவானோ அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல எண்ணுகின்றார்! அதற்குள் இயந்திரம் மோதி அவன் மாள்கின்றான்.

1861இல் கிளேற்றன் சுரங்கப்பாதையில் 23 பேர் மாண்டபோது, கடமையிலிருந்த சிக்னல்காரர் 24 மணிநேர வேலைமுறையில் இருந்தார். 1865இல் ஸ்டேப்பிள்ஹேர்ஸ்டில் பத்துப் பேரைப் பலிகொண்ட புகையிரதத்தில் டிக்கன்ஸே பயணஞ் செய்தார்.

கதைக்கு வெளியேயும் இத்தகைய சிக்னல்காரர்கள் இருந்தனர். அவர்கள் அரசாங்கப் புகையிரதப் பரிசோதகர்கள். முன்சென்ற வண்டி ஒரு பகுதியைக் கடக்குமுன் அடுத்ததை விடாதீர். பெட்டிகள் பிரிந்தாலும் தாமே பிடிக்கும் பிரேக்குகளைப் பொருத்துவீர் என்று அறிக்கைமேல் அறிக்கை எழுதினர். கட்டாயப்படுத்தும் உரிமை அவர்களுக்கில்லை. சில கம்பனிகள் இணங்கின. மற்றவை செலவுக்குக் கணக்குப் பார்த்தன.

1889 ஜூன் 12ஆந் திகதி, அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் உல்லாசப் பயணஞ் சென்ற வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. அதனை இரண்டாகப் பிரித்தபோது, பின்பகுதிப் பெட்டிகள் உருண்டோடிப் பின்வந்த வண்டியில் மோதின. சுமார் 80 பேர் இறந்தனர், பலர் சிறுவர். மூன்று மாதத்துள், பரிசோதகர்கள் நெடுங்காலம் கேட்டவை சட்டமாயின. கணக்குப் பார்த்த கம்பனிகளும் பணிந்தன.

ஆனால் அச்சட்டம் இயந்திரத்தைத் திருத்திய அளவு மனிதனைக் கவனிக்கவில்லை. தொழிலாளர் மேலதிகமாக உழைக்கும் மணிநேரங்களுக்கு அது கம்பனிகளிடம் கணக்கு மட்டுமே கேட்டது, குறைக்கச் சொல்லவில்லை. அவ்வதிகாரம் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. வேலைநேரம் மிகையென்று தொழிலாளரோ அவர் சார்பில் வேறெவரோ முறையிட்டால், அரசு விசாரித்து நேரத்தைக் குறைக்கும்படி கம்பனிக்குக் கட்டளையிடலாமென்று அது விதித்தது. டிக்கன்ஸின் கதை வெளிவந்து அப்போது 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.