பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?

ஐ.நா. அமைதிப்படையோடு போகிற ‘ஹியூமன் ரைட்ஸ் மானிட்டர்’ என்கிற ஆளைத் தமிழில் என்னவென்று சொல்வது? பத்திரிகைகள் ‘மனித உரிமைக் கண்காணிப்பாளர்’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். கண்காணிப்பாளர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தேர்வு அறையில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கும் வாத்தியார்தான். அந்த ‘கண்காணி’தான் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆனது. துரைக்காகத் தொழிலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கங்காணி. மானிட்டரின் வேலை இதற்கு நேரெதிர். அவர் துரையைப் பார்க்க வேண்டும்: ராணுவத்தை, போலீஸை, ஆயுதக் குழுக்களை, சில நேரம் தன்னை அனுப்பிய படையையே. ஆனால் யாருக்காகப் பார்க்கிறார், பார்த்ததை யாரிடம் போய்ச் சொல்கிறார் என்ற கேள்வி மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவானது.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று லாரிசா கொண்ட்ராக்கி இயக்கிய ‘தி விசில்பிளோயர்’ (2010). இன்னொன்று யாஸ்மிலா ஷ்பானிச் இயக்கிய ‘க்வோ வாடிஸ், ஐடா?’ (2020). இரண்டுமே போஸ்னியாவைப் பற்றியவை, இரண்டிலும் மையத்தில் ஒரு பெண், அவள் வேலை பார்ப்பது ஐ.நா.வுக்கு. முதல் படம் நேரடியாக மானிட்டரைப் பற்றியது. இரண்டாவது படத்தில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது. ஆனால் மானிட்டரின் வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது இரண்டாவது படம்தான். அது ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

‘தி விசில்பிளோயர்’ உண்மைக் கதை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் போலீஸ் வேலையில் இருந்த கேத்ரின் போல்கோவாக் 1999இல் போஸ்னியாவுக்குப் போகிறார். போர் முடிந்து, 1995 டேட்டன் ஒப்பந்தப்படி அங்கே ஐ.நா.வின் சர்வதேசக் காவல் படை இருந்தது. அவர்களிடம் துப்பாக்கி கிடையாது. உள்ளூர் போலீஸைக் கண்காணிப்பது, ஆலோசனை சொல்வது, பயிற்சி கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. போல்கோவாக் அங்கே மனித உரிமை விசாரணையாளர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பெண்கள் கடத்திவரப்பட்டு மதுக்கூடங்களில் அடைக்கப்படுவதையும், அமைதி காக்க வந்தவர்களில் சிலரே அங்கே வாடிக்கையாளர்களாகவும் உடந்தையாகவும் இருப்பதையும் கண்டுபிடித்து மேலே எழுதினார். முதலில் பதவி இறக்கினார்கள், 2001இல் வேலையை விட்டே தூக்கினார்கள். 2002இல் பிரிட்டனில் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது.

ரேச்சல் வைஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் இது ஒரு போலீஸ் த்ரில்லர். டார்ச் வெளிச்சத்தில் ஒரு அறை, சுவரில் புகைப்படங்கள், மேலதிகாரியின் மிரட்டல், கடைசியில் கோப்புகளோடு வெளியே வந்து தொலைக்காட்சியில் பேசுவது. ஒருத்தி தனியாக நின்று ஒரு அமைப்பை எதிர்க்கிறாள் என்பதுதான் மொத்தக் கதை. நமக்கு இது பழகிய வடிவம். நம்ம ஊர் நேர்மையான போலீஸ் படங்களில் கதாநாயகன் சட்டை காலரைத் தூக்கிவிட்டுச் செய்வதை இங்கே கதாநாயகி அழுதுகொண்டே செய்கிறாள்.

என் குறை, படத்தில் வரும் ராயா என்ற பெண்ணைப் பற்றியது. அவள் சாட்சி சொல்லச் சம்மதிக்கிறாள், கேத்ரின் பாதுகாப்புக்கு வாக்குக் கொடுக்கிறாள். பிறகு ராயா மறுபடியும் கடத்தல்காரர்கள் கையிலேயே போய்ச் சேர்கிறாள், கடைசியில் கொல்லப்படுகிறாள். படம் இதைக் கேத்ரினின் துயரமாக மாற்றிவிடுகிறது. அவள் இன்னும் உறுதியாகிறாள், கதை வேகமெடுக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்: உன்னிடம் பேசுவதால் அந்த மனுஷிக்கு ஆபத்து வரும் என்றால், பேச வைக்காதே. தகவல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. சாட்சியம் எடுப்பவர் கிளம்பிப் போய்விடுவார், சொன்னவள் அதே தெருவில்தான் இருக்கப் போகிறாள். ராயாவின் சாவு கேத்ரினை என்ன செய்தது என்று படம் விரிவாகக் காட்டுகிறது. கேத்ரினின் வேலை ராயாவை என்ன செய்தது என்று கேட்காமல் நகர்ந்துவிடுகிறது.

சரி, அந்த வேலைதான் என்ன? எல் சால்வடாரை எடுத்துக்கொள்வோம். 1990 ஜூலையில் அரசும் கெரில்லாக்களும் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேயில் மனித உரிமை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடம் ஐ.நா. குழு உள்ளே போனது. முழுச் சமாதான ஒப்பந்தம் 1992 ஜனவரியில்தான் வந்தது. அதாவது சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கண்காணிக்கப் போன குழு அது. எந்த இடத்துக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் போகலாம், யாரையும் தனியாகச் சந்திக்கலாம், யார் புகார் கொடுத்தாலும் வாங்கலாம். அதிகாரம் என்று பார்த்தால் இவ்வளவுதான். கைது செய்ய முடியாது, தண்டிக்க முடியாது. போவது, உட்காருவது, கேட்பது, எழுதுவது, மறுநாள் இன்னொருவரிடம் போய் அதே விஷயத்தைக் கேட்பது.

இந்த வேலையின் உயிர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: “நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?” தமிழில் இதற்கு ஒரு விகுதியே இருக்கிறது. ‘அடிச்சாங்க’ என்று பாட்டி சொன்னால் ஒன்று, ‘அடிச்சாங்களாம்’ என்றால் வேறொன்று. கடைசியில் வரும் அந்த ‘ஆம்’, இது என் கண் பார்த்ததல்ல, காது கேட்டது என்று கேட்காமலே சொல்லிவிடுகிறது. நாம் தினமும் வாசலில் உட்கார்ந்து பேசும்போது செய்கிற இந்தப் பிரித்தலைத்தான் மானிட்டர் நாள் முழுக்க, பயந்துபோன மனிதர்களிடம், வேறொரு மொழியில், மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்கிறார். எங்கே நின்றிருந்தீர்கள், எவ்வளவு தூரம், வெளிச்சம் இருந்ததா, சீருடை என்ன நிறம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதையெல்லாம் கேட்க வேண்டும். கேட்கிறவருக்குக் கல்நெஞ்சு என்று பார்ப்பவருக்குத் தோன்றும். கேட்காமல் எழுதினால், நாளைக்கு ஒரு அமைச்சர் ஒரே வரியில் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் சொல்வதுண்டு. இந்தத் தொழிலின் பாதி அதில் அடங்கிவிடும். மீதிப் பாதி, தீர விசாரித்து முடிக்கிறவரை சாட்சி உயிரோடு இருக்க வேண்டும் என்பது.

இந்த இடத்தில்தான் ஐடா வருகிறாள். 1995 ஜூலை, ஸ்ரெப்ரெனிட்சா. ஐ.நா. 1993இல் ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்த ஊர். டச்சுப் படையினர் காவலுக்கு இருக்கிறார்கள். ஊர் வீழ்ந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களுடைய முகாமுக்கு ஓடி வருகிறார்கள். ஐடா பள்ளி ஆசிரியை, இப்போது ஐ.நா.வின் மொழிபெயர்ப்பாளர். அதிகாரிகள் சொல்லும் பொய்யான ஆறுதலைத் தன் சொந்த ஜனங்களுக்குத் தன் வாயாலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அவள் கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறது, கணவனுக்கும் இரண்டு மகன்களுக்கும் இல்லை. படம் முழுக்க அவள் ஓடுகிறாள். இந்தக் கதவு, அந்தக் கதவு, இந்த அதிகாரி, அந்த அதிகாரி. யாஸ்னா ஜுரிச்சிச்சின் முகத்தை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கொலையை ஷ்பானிச் திரையில் காட்டுவதில்லை, சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நாமும் பார்த்தவர்கள் அல்ல, கேட்டவர்கள் ஆகிறோம்.

நிஜத்தில் அந்தச் சில நாட்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஹசன் நுஹானோவிச் தன் அப்பாவையும் அம்மாவையும் தம்பியையும் இழந்தார். அவர் தொடுத்த வழக்கில் 2013இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் அந்நாட்டு அரசைப் பொறுப்பாக்கியது. முன்னாள் யூகோஸ்லாவியாவின் மனித உரிமை நிலையைப் பற்றி 1992 முதல் ஐ.நா.வுக்கு அறிக்கை எழுதிவந்த ததேயுஷ் மசோவியேட்ஸ்கி, போலந்தின் முன்னாள் பிரதமர், அதே 1995 ஜூலையில் பதவி விலகினார். வருஷக்கணக்காக எழுதியும் காப்பாற்ற யாரும் வரவில்லை என்கிறபோது இன்னும் ஒரு அறிக்கை எதற்கு என்ற கேள்வி அந்த விலகலில் இருந்தது.

ஐடாவின் படம் என்னைத் தொட்டதற்குக் காரணம் சோகம் மட்டும் இல்லை. வெளியிலிருந்து வரும் எல்லா மானிட்டர்களும் உள்ளூர்க்காரர் ஒருவரின் காதையும் வாயையும் நம்பித்தான் வேலை செய்கிறார்கள். மிஷன் ஒருநாள் மூட்டை கட்டிவிடும், அந்த உள்ளூர்க்காரர் எங்கேயும் போக முடியாது. ருவாண்டாவில் 1997 பிப்ரவரி 4 அன்று, சியாங்குகு பகுதியில் ஐ.நா. மனித உரிமைக் களப்பணிக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பிரிட்டன்காரர், ஒருவர் கம்போடியர், மற்ற மூவரும் ருவாண்டாக்காரர்கள். படத்தின் முடிவில் ஐடா அதே ஊருக்குத் திரும்பி வந்து மறுபடியும் பாடம் நடத்துகிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களில் யார் யார் என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ‘தி விசில்பிளோயர்’ வெளியே வந்தவளின் கதை. இது அங்கேயே இருந்தாக வேண்டியவளின் கதை.

நமக்கு இது தூர தேசத்து விவகாரம் இல்லை என்பதைச் சொல்லாமல் போக முடியாது. வன்னியில் இருந்தது அமைதிப்படை அல்ல, ஐ.நா.வின் உதவி அமைப்புகள்தான். 2008 செப்டம்பரில் அவற்றின் வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியிலிருந்து வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். குடும்பத்தோடு வெளியேறப் புலிகள் விடாததால் உள்ளூர் ஊழியர்கள் பலர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஐடாவின் அடையாள அட்டையைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்கள்தான். அதன் பிறகு கொழும்பில் ஐ.நா. ஊழியர்கள் சிலர், முறையாகத் தகவல் திரட்டி, செத்தவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சரிபார்க்கப்படவில்லை என்று சொல்லி மேலே இருந்தவர்கள் அதைப் பகிரங்கமாக வெளியிடத் தயங்கினார்கள். 2012 நவம்பரில் வந்த சார்ல்ஸ் பெட்ரி குழுவின் உள்ளக ஆய்வு இதையெல்லாம் ஐ.நா.வின் தோல்வி என்று பதிவு செய்தது. வெளியான பிரதியில் சில பகுதிகள் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டிருந்தன.

நான் மேலே புகழ்ந்த அதே கறார், ‘பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா’ என்ற அதே கேள்வி, இங்கே மௌனத்துக்குச் சாக்காகிவிட்டது. சரிபார்ப்பது சாட்சியைப் பொய்யாக்க விடாமல் காப்பதற்காக. அதையே காரணம் காட்டிச் சாட்சியைப் பேசவே விடாமலும் செய்யலாம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழையைப் பற்றி இன்னும் யாராவது ஒரு நல்ல நாவல் எழுத வேண்டும்.

அதுவரை அறிக்கைகளையே வாசிக்கலாம் என்று சிபாரிசு செய்கிறேன். காங்கோவைப் பற்றி 2010இல் ஐ.நா. வெளியிட்ட ‘மேப்பிங்’ அறிக்கை ஐந்நூறு பக்கத்துக்கு மேல். 1993 முதல் 2003 வரை நடந்த 617 கொடூரங்கள், மாகாணம் மாகாணமாக, தேதி தேதியாக. ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்களாவது வேண்டும் என்பது விதி. இலக்கியச் சுவை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரே மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், ஊர் பெயர் மட்டும் மாறும். ஐம்பதாவது பக்கத்தில் அலுப்பு வரும், நூறாவது பக்கத்தில் அந்த அலுப்பே பயமாக மாறும்.

மாலி நாட்டின் மௌரா கிராமத்தைப் பற்றி 2023 மே மாதம் வந்த அறிக்கையையும் தேடிப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் மாலி ராணுவமும் அதோடு வந்த வெளிநாட்டு ஆயுததாரிகளும் அங்கே ‘குறைந்தது 500 பேரை’ கொன்றதாக அது சொல்கிறது. விசாரணைக் குழுவை அந்த ஊருக்குள் அரசு விடவேயில்லை. அவர்கள் தப்பி வந்தவர்களிடம் பேசினார்கள், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தார்கள். அறிக்கை வந்ததும் அரசு அவர்கள்மீது உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டியது. அந்த வருட முடிவில் அமைதிப்படையே நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

அந்த ‘குறைந்தது’ என்ற சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பத்திரிகையில் அதைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவோம். இங்கே அது ஐந்நூறு பேருக்கு நாங்கள் பொறுப்பு, அதற்கு மேலும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை எண்ண எங்களை விடவில்லை என்று சொல்கிறது. கங்காணி துரையிடம் கொடுக்கும் கணக்கில் இந்தச் சொல்லுக்கு இடமே இருக்காது. மானிட்டரின் கணக்கில் இது இல்லாவிட்டால் அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன்.