போவின் திகில் கதைகள்: தொகுப்பும் பாடமும்

எட்கர் ஆலன் போ (1809–1849) எழுதிய சிறுகதைகளுள் மர்மமும் திகிலும் மிக்கவற்றை மட்டும் பிரித்தெடுத்து நூலாக்கும் வழக்கம் அவர் மறைவுக்குப் பின் வேரூன்றியது. அவர் புகழ் பரவ இத்தொகுப்புகள் பெரிதும் துணைநின்றன. ஆயினும் இப்பிரிப்பு போவின் நோக்கத்தோடு பொருந்துவதன்று.

1840ஆம் ஆண்டினைத் தாங்கி பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த அவரது முதல் கதைத்தொகுப்பில் 25 கதைகள் உள்ளன. 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' இடம்பெற்ற அந்நூலிலேயே, உடலுறுப்புகள் பெரும்பாலும் செயற்கையான ஒரு படைத்தலைவரை நாள்தோறும் பணியாள் பூட்டி நிறுத்தும் எள்ளல் கதையும் உண்டு. 1843இல் 'ரூ மோர்க் கொலைகள்' சிறுநூலாக வந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டதும் இந்த எள்ளல் கதையே. ஒன்றில் சிதைந்த உடல் அச்சத்தைத் தருகிறது. மற்றொன்றில் நகைப்பைத் தருகிறது. திகில் தொகுப்பு இரண்டாவதை விலக்கும்போது முதலாவதன் பொருளும் சுருங்கிவிடுகிறது.

1845ஆம் ஆண்டுத் தொகுப்பிற்குரிய 12 கதைகளைத் தேர்ந்தவர் எவர்ட் டைக்கிங்க். துப்பறிவாளர் டுபானின் மூன்று கதைகளும் அதில் இடம்பெற்றன. போ தம் கதைகளுள் தலைசிறந்ததாகக் கருதிய 'லிஜீயா' இடம்பெறவில்லை. அத்தேர்வு தம் எழுத்தின் பன்முகத்தைக் காட்டவில்லை என்று 1846இல் ஒரு கடிதத்தில் அவர் குறைப்பட்டார். அக்குறை நியாயமானதே.

தேர்வினும் நுட்பமான சிக்கல் பாடம் பற்றியது. 'லிஜீயா' 1838இல் முதன்முதல் அச்சேறியபோது, வெற்றிபெறும் புழுவைப் பற்றிய கவிதை அதில் இல்லை. 1843இல் தனியே வெளிவந்த அக்கவிதையை 1845இல்தான் போ கதைக்குள் வைத்தார். மன உறுதியால் சாவை வெல்லலாம் என்ற நம்பிக்கையைக் கதையின் முகப்பு மேற்கோள் முன்வைக்கிறது. கவிதையோ புழுவையே நாயகனாக்குகிறது. இறக்கும் தறுவாயில் லிஜீயா அக்கவிதையைக் கேட்கிறாள். ஆகவே இறுதியில் அவள் மீண்டெழுவது மன உறுதியின் வெற்றியா, கதைசொல்லியின் அபின் மயக்கமா என்னும் ஐயம் பிந்தைய பாடத்தில் வலுப்பெறுகிறது. கதையின் கீழ் 1838 என்று குறித்துவிட்டு 1845ஆம் ஆண்டுப் பாடத்தை அச்சிடும் தொகுப்பு, போவின் வளர்ச்சியைத் தவறாகக் காட்டுகிறது. 1978இல் வெளிவந்த மாபட்டின் பதிப்பு, கதைகளைக் கால வரிசையில் நிறுத்திப் பாடவேறுபாடுகளையும் தருவதால் இக்குறையிலிருந்து தப்புகிறது. பொதுவாசகருக்கான நூலில் அத்துணை விரிவு வேண்டியதில்லை. ஒரு வரிக் குறிப்பு போதும்.

'பெரனிஸ்' கதையில் நிலைமை நேர்மாறானது. 1835ஆம் ஆண்டுப் பாடத்தில் கதைசொல்லி பெரனிஸின் சவப்பெட்டி வைக்கப்பட்ட அறைக்குச் செல்லும் பகுதி உண்டு. 1845இல் போ அதை நீக்கினார். அச்சத்தையே அளவுகோலாகக் கொள்ளும் தொகுப்பாசிரியர் பழைய பாடத்தை நாடுவார்; ஆசிரியரின் இறுதித் திருத்தத்தை மதிப்பவர் அப்பகுதியைப் பின்னிணைப்பில் வைப்பார். எதைச் செய்தாலும் அதனை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும்.